மூணாவது கம்பி

வளையல் கடையில கையை நீட்டினா, கடைக்காரர் ஒரு அமுக்கு அமுக்கிட்டு "உங்களுக்கு ரெண்டு ஆறும்மா"ன்னு சைஸ் சொல்வார் பாருங்க, அப்படித்தான் எங்க மெல்லிசைக் குழு ஓனர் எங்க கையைப் பார்ப்பார். விரல் நுனியை அமுக்குவார். கட்டை விரலைப் பின்னால வளைப்பார். நகத்தை ஒரு தட்டு தட்டுவார். அப்புறம் தீர்ப்பு வரும். "உனக்கு டென். சாகற வரைக்கும் மாத்தாத."

எலக்ட்ரிக் கிடாருக்குப் போடுற கம்பியோட தடிமனைத்தான் அப்படி நம்பரால சொல்றது. நைன்னா மெல்லிசு. டென்னா நடுத்தரம். லெவன்னா தடிசு. கடைக்குப் போனா கலர் கலரா பாக்கெட் தொங்கும், எதை எடுக்கறதுன்னு எவனுக்கும் தெரியாது. அதனால தாம்பரத்துல இருந்து பல்லாவரம் வரைக்கும் கிடார் வச்சிருந்தவங்க முக்காவாசிப் பேர் அவர்கிட்ட கையைக் காட்டிட்டுத்தான் கம்பி வாங்கினாங்க. கடைக்காரனே "அண்ணா என்ன சொன்னாரு?"ன்னு கேட்டுட்டுத்தான் பாக்கெட்டை எடுப்பான்.

அவர் பேரை நான் இங்க எழுதப் போறதில்ல. எழுதினா இந்தப் பக்கத்துல பாதிப் பேர் என்கூட சண்டைக்கு வருவாங்க. அவ்வளவு நல்ல பேர் அவருக்கு. அண்ணான்னே வச்சுக்கலாம். அவரைவிட வயசுல பெரியவங்க கூட அப்படித்தான் கூப்பிட்டாங்க.

பகல்ல கிண்டியில ஒரு கம்பெனி ஸ்டோர்ஸ்ல வேலை. சாயந்திரத்துலயும் லீவு நாள்லயும் மெல்லிசைக் குழு. ரிசப்ஷன், சீமந்தம், ஆடி மாசக் கோயில் கச்சேரின்னு ஓடிக்கிட்டே இருக்கும். குழுவுக்கு ஓனரும் அவர்தான், லீடு கிடாரும் அவர்தான். நான் ரிதம் கிடார். லீடுன்னா பாட்டுக்கு நடுவுல தனியா முன்னால வந்து வாசிக்கிறது. பந்தியில இலை போடுறவன் கூட ஒரு நிமிஷம் நின்னு பார்ப்பான். ரிதம்னா பின்னால நின்னுக்கிட்டுத் தாளத்துக்கு அடிச்சுக்கிட்டே இருக்கிறது. நிறுத்தினா பாட்டு விழுந்துடும், ஆனா அடிக்கிற வரைக்கும் யாருக்கும் காதுலயே விழாது. வீட்டு வேலை மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

ஞாயித்துக்கிழமை காலையில சிட்லப்பாக்கத்துல அவர் வீட்டு மாடி ரூம்ல ப்ராக்டிஸ். முடிஞ்சதும் எல்லாரையும் முக்கு ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போவார். மெனு கார்டை வாங்கி மடிச்சு தன் பக்கத்துல வச்சுக்குவார். "இவருக்கு பொங்கல், நெய் குறைச்சு. கீபோர்டு முரளிக்கு ரவா தோசை. உனக்கு இட்லிம்மா, உனக்கு எண்ணெய் ஒத்துக்காது." எனக்கு எண்ணெய் ஒத்துக்காதுன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். எனக்குப் பூரின்னா உயிர். அவரோட உட்கார்ந்து சாப்பிட்ட எந்த ஞாயித்துக்கிழமையும் நான் பூரி தின்னதில்ல. அவர் தின்பார். ரெண்டு செட்.

யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். சொல்லத் தோணாது. நம்ம வாழ்க்கையில ஒருத்தர் இவ்வளவு ஞாபகம் வச்சுக்கிட்டு நமக்காக யோசிக்கிறாரேன்னு ஒரு சுகம். காபியில யாருக்கு எவ்வளவு சக்கரை, யாருக்கு எந்தப் பக்கம் காது மந்தம், யார் எந்த சட்டை போட்டா மேடையில எடுப்பா இருக்கும், எல்லாம் அத்துப்படி அவருக்கு. எங்கப்பா போனப்போ விடிஞ்சதும் முதல் ஆளா கீழ்க்கட்டளைக்கு வந்து நின்னது எங்க சொந்தக்காரங்க இல்ல, அவர்தான். ஐஸ் பெட்டி, பூ, ஐயர், வண்டி, வந்தவங்களுக்குக் காபி, எல்லாம் பார்த்தார். என்னைப் பார்த்து, "இப்ப அழாத. எடுக்கறப்போ அழு. இப்பவே அழுதா அப்போ தெம்பு இருக்காது"ன்னார். நானும் அடக்கிக்கிட்டேன். எடுக்கறப்போ எனக்கு அழுகையே வரல. அது வேற விஷயம்.

நான் குழுவுல சேர்ந்தது கல்யாணத்துக்கு அப்புறம். காலேஜ் படிக்கறப்போ என் கூடப் பிறந்த அண்ணன் வாங்கிப் போட்டிருந்த கிடாரை எடுத்துத் தட்டித் தட்டிக் கத்துக்கிட்டது. குரோம்பேட்டையில ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல பில்லிங்ல இருந்தேன். அங்க வந்த முரளிதான், பம்மல்காரன், கீபோர்டு வாசிக்கிறவன், என்னைக் கூட்டிட்டுப் போனான். "அண்ணாண்ட வந்து கையக் காட்டு க்கா, மத்ததெல்லாம் அவரு பாத்துக்குவாரு."

முதல்ல கொஞ்சம் வாசிக்கச் சொன்னார், வாசிச்சேன். அப்புறம் கையைக் காட்டினேன். அவர் என் இடது கையைப் பிடிச்சார், அமுக்கினார். "அடேயப்பா!"ன்னு எல்லாரையும் கூப்பிட்டார். "இங்க பாருங்கடா. இது பொம்பளை கையா? இந்தக் கைக்கு நைன் போட்டா அவமானம்டா. லெவன் போடணும், லெவன்!"

எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா எனக்கு. அதுவரைக்கும் என் கையைப் பத்தி எங்க மாமியார் மட்டும்தான் அபிப்பிராயம் சொல்லியிருந்தாங்க, அது நல்ல அபிப்பிராயம் இல்ல.

அன்னிக்கே தன் பையில இருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, என் கிடாரை மடியில போட்டு, பழைய கம்பியைக் கழட்டிப் புதுசு போட்டார். மிச்ச நுனியை நகவெட்டியால நறுக்கினார். தடிசான செட்டுல ஒரு விஷயம் உண்டு. சாதாரணமா கிடார்ல கீழே இருக்கிற மூணு கம்பி வெறும் கம்பி, வழவழன்னு இருக்கும். மேல இருக்கிற மூணும் மேலே இன்னொரு கம்பி சுத்தினது, சொரசொரன்னு இருக்கும். அவர் எனக்குப் போட்ட செட்டுல கீழே இருந்து மூணாவது கம்பியும் சுத்தினது. "இதுதான்மா கனம் கொடுக்கும்"னார். சரின்னேன். எனக்கு என்ன தெரியும்?

முதல் சில மாசம் விரல் நுனி உரிஞ்சு, புளி கரைக்கக் கூட கையை விட முடியல. எரியும். மாமியார் "எதுக்குடி இந்தத் தலையெழுத்து"ன்னாங்க. அண்ணாகிட்ட சொன்னா, "வலிக்குதுன்னா கை வளருதுன்னு அர்த்தம்"னு சிரிப்பார். கம்பி தேய்ஞ்சா அவரே புதுசு வாங்கிட்டு வந்து அவரே மாட்டுவார். எந்தக் கம்பின்னு நான் கேட்டதே இல்ல. வீட்டுக்கு வர்ற அரிசி மூட்டையில என்ன அரிசின்னு கேப்போமா, அப்படித்தான்.

இப்ப என் ஆசையைச் சொல்லிடறேன், இல்லன்னா மத்தது புரியாது. எங்க குழு எப்பவும் வாசிக்கிற ஒரு பழைய டூயட் உண்டு. ரெண்டாவது சரணத்துக்கு முன்னால கிடார் தனியா வரும். மூணாவது கம்பியை விரலால அழுத்தி, அப்படியே மேலே தள்ளி வளைக்கணும். வளைக்க வளைக்க சுரம் ஏறும். விம்மி விம்மி அழுற மாதிரி ஒரு ஏத்தம். காலேஜ்ல அந்த இடத்தைக் கேட்டுத்தான் நான் கிடாரையே எடுத்தேன். மேடையில ஒரே ஒரு தடவை அதை நான் வாசிக்கணும். அவ்வளவுதான் என் ஆசை. கார் வேணும், வீடு வேணும்னெல்லாம் இல்ல.

கேட்டேன். அவர் மறுக்கவே இல்ல. "தாராளமா வாசிம்மா"ன்னு வழி விட்டார். ப்ராக்டிஸ்ல வாசிச்சேன். கம்பியை எவ்வளவு தள்ளினாலும் சுரம் ஏறல. பல்லைக் கடிச்சுத் தள்ளினா கம்பி கீச்சுன்னு ஒரு சத்தம் போட்டு அங்கேயே நின்னுச்சு. மறுபடி, மறுபடி. வாரா வாரம் வாசிச்சேன். அவர் பொறுமையா உட்கார்ந்து கேட்டுட்டு, தோள்ல தட்டி, "விடும்மா. எல்லாக் கைக்கும் எல்லாம் வராது. உன் ரிதம் மாதிரி இந்த ஏரியாவுலயே யார் வாசிக்கிறா?"ன்னார். ஒரு தடவை எனக்கு அழுகை வந்துடுச்சு. "நீங்க எப்படிண்ணா வளைக்கிறீங்க?"ன்னு கேட்டேன். "நான் மட்டும் என்ன பஞ்சு மேலயா வாசிக்கிறேன்?"ன்னு சொல்லிட்டு தன் கிடாரைப் பெட்டியில வச்சு மூடினார்.

அந்தக் கிடாரை யாரும் தொடக் கூடாது. சட்டம். தொட்டா கை வாசனை மாறிடுமாம். சாமி ரூம்ல இருக்கிற மாதிரி அதுக்கு ஒரு சிவப்பு வெல்வெட் துணி, ஒரு கற்பூர வில்லை. நாங்க சிரிச்சுக்கிட்டே மதிச்சோம்.

யூட்யூப்ல பார்த்திருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. பார்த்தேன். தடிசுக் கம்பியிலதான் சத்து இருக்குன்னு சத்தியம் பண்றவங்க அதுலயும் இருக்காங்க. நாம எதை நம்பியிருக்கோமோ அதையே நமக்குக் காட்டிக்கிட்டே இருக்கிற கருமம் அது. என் கைதான் சரியில்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

மேடவாக்கத்துல ஒரு ரிசப்ஷன். பொண்ணோட அப்பா அண்ணாவுக்குத் தெரிஞ்சவர், ஒரு பாட்டு முடிஞ்சதும் கையைப் பிடிச்சு, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கன்னு கீழே டைனிங் ஹாலுக்கு இழுத்துட்டுப் போயிட்டார். அடுத்த பாட்டுக்கு நேரம் இருக்குன்னு அண்ணாவும் போனார். ஆனா மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸ் அந்த டூயட்டைக் கேட்டுக் கத்த ஆரம்பிச்சுட்டாங்க. பாடுறவர் ஆரம்பிச்சுட்டார். அந்த நேரம் பார்த்து என் கிடார்ல ஒயர் செருகுற இடம் லூஸாகி சத்தமே நின்னு போச்சு.

"இன்னாக்கா, ரிதம் இல்லாம பாட்டு தொங்கினு கீது!"ன்னு முரளி கத்தினான். ஒரு கையால கீபோர்டு வாசிச்சுக்கிட்டே இன்னொரு கையால அண்ணாவோட கிடாரை ஸ்டாண்டுல இருந்து தூக்கி என்கிட்ட நீட்டினான். "இத்த வாசி, சொல்லிக்கலாம்!"

வாங்கி மாட்டினேன். விரலை வச்சதுமே தூக்கிவாரிப் போட்டுச்சு. கம்பியே இல்லாத மாதிரி இருந்துச்சு. தலைமுடி. கொஞ்சம் அழுத்தினாலே சுரம் விலகி ஓடுது, என் கைக்கு அவ்வளவு பலம். நிதானத்துக்கு வர ஒரு பல்லவி ஆச்சு. அப்புறம் அந்த இடம் வந்துச்சு. லீடு வாசிக்க வேண்டிய ஆள் கீழே சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். மூணாவது கம்பியைத் தொட்டேன். வழவழன்னு, வெறும் கம்பி. தள்ளினேன். ஏறுச்சு. ஐயோ, அப்படி ஏறுச்சு! எத்தனை வருஷமா எனக்கு வராதுன்னு நான் நம்பிக்கிட்டு இருந்தது, ஒரு விரல்ல, சும்மா, ஜாக்கெட் கொக்கி மாட்டுற மாதிரி வந்துச்சு. ஃபோட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்த பொண்ணு திரும்பிப் பார்த்தா.

பாதிதான் வாசிச்சிருப்பேன். அண்ணா படியேறி ஓடி வந்தார். கையில ரசம் ஈரம். என் தோள்ல இருந்து பட்டையைக் கழட்டி, கிடாரை வாங்கி, தான் மாட்டிக்கிட்டு, விட்ட இடத்துல இருந்து வாசிச்சார். ஜனம் அதுக்கும் கை தட்டுச்சு. நான் வெறுங்கையோட மேடையில நின்னேன். எங்க நிக்கிறதுன்னு தெரியல.

அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் முன்னாடியே மாடிக்குப் போயிட்டேன். அவர் தரையைப் பெருக்கிக்கிட்டு இருந்தார்.

"அண்ணா, உங்க கிடார்ல நைன் தானே போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"எனக்கு மட்டும் ஏன் லெவன்? அதுவும் மூணாவது சுத்தின கம்பி. அதுல வளைச்சா ஏறவே ஏறாதாமே? நேத்து கடையில கேட்டேன்."

வெளக்கமாத்தை சாத்தி வச்சார். கோபமே இல்ல முகத்துல. "நீ என்ன வாசிக்கிற?"

"ரிதம்."

"ரிதத்துக்கு அதுதான்மா சரியான கம்பி. யாரை வேணா கேளு. நான் தப்பான கம்பி யாருக்கும் போட்டதில்ல."

"நான் ரிதம்னு யாரு முடிவு பண்ணினா?"

"கையைப் பார்த்தா தெரியாதா?"ன்னார்.

அவர் பொய் சொல்லல, அதுதான் கொடுமை. கம்பி சரிதான். என்னை எங்க நிறுத்தணும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு, அந்த இடத்துக்கு ரொம்ப ரொம்ப சரியான கம்பியாத் தேடிப் போட்டிருக்கார். நான் அங்கேயே நிக்கறதுக்கு.

"நீ முதல் நாள் வாசிச்சப்போ கேட்டேன்மா"ன்னு அவரே சொன்னார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு. "நல்லாதான் வாசிச்ச. இந்தக் குழுவுக்கு ரெண்டு லீடு தாங்காது." அப்புறம் மத்தவங்க படியேறி வர்ற சத்தம் கேட்டதும் சட்டுன்னு குரல் மாறிடுச்சு. "டேய், எல்லாரும் கேளுங்க! ஆடி வெள்ளி பம்மல் கச்சேரியில அந்த டூயட்டுக்கு நம்ம பொண்ணுதான் லீடு. நைன் போட்டுத் தரேன், நானே போடுறேன்." எல்லாரும் கை தட்டினாங்க. முரளி விசில் அடிச்சான். எனக்கும், வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அந்த நிமிஷம் கோபமெல்லாம் கரைஞ்சு போச்சு. பெரிய மனசுன்னு நினைச்சேன்.

"இன்னிக்கே போட்டுடுங்கண்ணா, பழகணும்"னேன். "சே சே. புதுக் கம்பி கச்சேரி அன்னிக்குப் போட்டாத்தான் சத்தம் பளிச்சுன்னு இருக்கும்"னார். அதுவும் பொய் இல்ல.

பம்மல்ல கூழ் ஊத்தி முடிச்சு, மத்தியானம் பந்தல்ல உட்கார்ந்து எல்லார் முன்னாலயும் என் கிடாருக்கு மெல்லிசுக் கம்பி போட்டார். அவ்வளவு அன்பா போட்டார். சாயந்திரம் மேடை ஏறினோம். பந்தல் கொள்ளாத கூட்டம். என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல சீக்கிரம் கிளம்பி வந்து முன் வரிசையில உட்கார்ந்திருந்தார், மொபைல்ல வீடியோ எடுக்க ரெடியா. பந்தல் ஸ்பீக்கர் சத்தத்துல மத்தியானம் பழகிப் பார்க்க முடியல; முதல் பாட்டுகள்ல ரிதம் லேசா உரசினப்போ, புதுக் கம்பி அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். டூயட் வந்துச்சு. என் இடம் வந்துச்சு. முன்னால போனேன்.

தொட்ட கம்பியெல்லாம் கர்ர்ருன்னு உரசுச்சு. டப்பாவுக்குள்ள ஈ மாட்டின சத்தம். வளைச்சேன், ஏறாம பாதியில செத்துப் போச்சு. சுருதியும் இறங்கிக்கிட்டே போகுது. அண்ணா பக்கத்துல வந்தார், சிரிச்சுக்கிட்டே, தன் கிடார்ல அந்த இடத்தை எடுத்து வாசிச்சு முடிச்சார். பாட்டு முடிஞ்சதும் மைக்கை வாங்கினார். "நம்ம தங்கச்சி முயற்சி பண்ணிச்சு. அதுக்கே ஒரு கை தட்டலாம் இல்ல?"

தட்டினாங்க. நல்லா தட்டினாங்க. அந்தக் கைத்தட்டல் மாதிரி ஒண்ணு என் விரோதிக்குக் கூட வேண்டாம். வீட்டுக்காரர் மொபைலை சட்டைப் பையில வச்சுக்கிட்டார்.

மறுநாள் லேபுக்கு லீவு சொல்லிட்டு, கிடாரை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். கழுத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கிடாரோட கழுத்து மரம். தடிசுக் கம்பி அதை முன்னால இழுத்துப் பிடிச்சிருக்கும். அந்த இழுப்புக்கு ஈடு கொடுக்க மரத்துக்குள்ள ஒரு இரும்பு ராடு இருக்கும். மெல்லிசுக் கம்பிக்கு மாறினா இழுப்பு குறையும், கழுத்து பின்னால சாயும், கம்பி கழுத்துலயே படுத்துக்கும். அந்த ராடை 'எல்' மாதிரி வளைஞ்ச ஒரு சாவி போட்டுக் கொஞ்சம் தளர்த்தினா சரியாயிடும். புதுக் கம்பியைக் கையால இழுத்து இழுத்து விட்டா சுருதி நிக்கும். இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? பெருங்களத்தூர்ல இருந்து வந்த ஒரு வாத்தியாருக்குக் கம்பி மாத்தினப்போ, அண்ணா அந்தச் சாவியை வச்சுக்கிட்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்ததை நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில சாவி வாங்கிட்டு வந்தேன். திருப்பினேன். சரியாயிடுச்சு. அந்த ஞாயித்துக்கிழமை ப்ராக்டிஸுக்குப் போகல, அடுத்த வாரம் பூரா வாசிச்சேன்.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை போனேன். யாரும் என் முகத்தைப் பார்க்கல. பாவம் பார்க்கிறாங்களாம். "ஒரு நிமிஷம்"னு சொல்லிட்டு ஒயரைச் செருகி, அந்த இடத்தை வாசிச்சேன். முதல்ல இருந்து கடைசி வரைக்கும், ஒரு பிசிறு இல்லாம.

"யக்கோவ்"னான் முரளி. "இன்னாக்கா இது, கிடாரு அழுவுது க்கா."

நான் அண்ணாவைத்தான் பார்த்தேன். "கழுத்தைத் தளர்த்தணும்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணா? அன்னிக்கு ஏன் செய்யல?"

"மறந்துட்டேன்மா"ன்னார்.

யாருக்கு எத்தனை ஸ்பூன் சக்கரைன்னு மறக்காத மனுஷன்.

"அண்ணன் அன்னிக்கு இன்னா டென்ஷன்ல இருந்தாரு, மேடை, லைட்டு, பேமெண்டு... வுடுக்கா"ன்னு முரளி நடுவுல புகுந்தான். மத்தவங்க தலையாட்டினாங்க.

அண்ணா எழுந்து வந்தார். கண்ணு கலங்கியிருந்துச்சு, நிஜமாவே. என் இடது கையை எடுத்து, விரல் நுனியை ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்த்தார். அப்புறம் அந்தக் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"பார்த்தீங்களாடா? லெவன்ல பழக்கின கை! மொதல் நாளே நைன் போட்டுக் கொடுத்திருந்தா இந்த அழுத்தம் வந்திருக்குமா? அந்த ஏத்தத்துல ஒரு நடுக்கம் இருந்துச்சா? சொல்லுங்க!"

"அதான் அண்ணா!"ன்னான் முரளி, கண்ணு விரிய. எல்லாருக்கும் இப்பத்தான் எல்லாம் விளங்கின மாதிரி ஒரு சந்தோஷம். பாடுறவர் என்கிட்ட வந்து, "அண்ணா உனக்காக எவ்வளவு தூரம் யோசிச்சிருக்கார் பாரும்மா"ன்னார்.

"சரி சரி"ன்னு அண்ணா கையை விட்டார். "வர்ற முகூர்த்தத்துக்கு ரிதம் கனமா வேணும். அதைக் கழட்டிக் கொடு, பழைய செட்டைப் போட்டுத் தரேன்."

நான் கொடுக்கல. கிடாரைப் பையில போட்டுக்கிட்டுப் படியிறங்கி வந்துட்டேன். பின்னாலயே யாரோ கூப்பிட்டாங்க, திரும்பல. அப்புறம் அவரைப் பார்க்கவே இல்ல. பெங்களூருக்குப் பையன் வீட்டோட போயிட்டார்னு சொன்னாங்க. இப்பவும் இந்தப் பக்கத்துல கிடார்காரங்க ரெண்டு பேர் சேர்ந்தா அவர் பேச்சுதான். அவர் மாதிரி கம்பி சொல்ல ஆள் இல்லையாம்.

நான் கூடுவாஞ்சேரி குழு ஒண்ணுல லீடு வாசிக்கிறேன். அந்த டூயட்டை வாசிக்காத மேடை இல்ல. முடிஞ்சு கீழே இறங்கினா யாராவது வந்து, "உங்க கையில என்ன அழுத்தம் மேடம், எப்படி வந்துச்சு இது?"ன்னு ஆசையா கேப்பாங்க. சிரிச்சுட்டு நகர்ந்துடுவேன். என் கையா, அவர் பண்ணின கையான்னு எனக்கே தெரியல. லீடு இடத்தை அவர் எனக்குக் கொடுக்காததைக் கூட நான் என்னிக்கோ மன்னிச்சிருப்பேன். என் கையை எனக்கே சந்தேகமாக்கின இதை மன்னிக்க முடியல.